மெச்சினால் கொடுத்துவிடுவார்கள்

மே 3, சனிக்கிழமை. பிரிஸ்பேன்

சுபாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளைக்கும் கிடைக்கவில்லை. கப்பல் டிக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டார்களாம், ஆனால் பெயரை மாற்றிக்கொள்ளலாமாம். ஆகவே நானும் என் நாத்தனார் வடிவும் எட்டு நாள் பசிபிக் சமுத்திரத்தில் உல்லாசப் பயணம் போகிறோம். மொட்டை மாடியில் வடகம் காய வைத்து, காக்கை கொத்தாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால் எங்கள் இருவருக்கும் பொருத்தமாக இருக்கும். உல்லாசம் எப்படி என்று போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுபா இந்த நோட்டைக் கொடுத்து, "அம்மா, தினமும் ஏதாவது எழுது" என்று சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா காலமான இந்தப் பத்து மாதத்தில் நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன் என்று அவளுக்குக் கவலை. நான் எப்போதுமே குறைவாகத்தான் பேசுவேன். முப்பத்தாறு வருஷம் பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர், அதில் கடைசி ஒன்பது வருஷம் ஹெச்.எம். ஒரு பிள்ளைக்கும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை. கையெழுத்துக்காகவாவது ஒரு மார்க் குறைத்துவிடுவேன்.

வடிவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய ஒரே தங்கை. இருபத்தேழு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கட்டியவனுக்கு ஏற்கெனவே வேறொரு குடும்பம் இருந்தது. அப்போது சுபா மூன்று மாதக் குழந்தை. முப்பத்தொரு வருஷமாக அந்த வீட்டில் அடுக்களை அவளுடையது, பீரோச் சாவி என்னுடையது. இப்போது அவள் தென்காசிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேரப் போகிறாள். அங்கே ஓர் அறை காலியாகியிருக்கிறதாம். எப்படிக் காலியாயிற்று என்று நான் கேட்கவில்லை. இம்மாதம் பதினைந்தாம் தேதிக்குள் வருகிறாளா இல்லையா என்று சொல்லிவிட வேண்டுமாம். ஊருக்குத் திரும்பியதும் போய்விடுவாள்.

போகட்டும். தடுக்க நான் யார்? அவளும் குழந்தையில்லை.

இன்றைக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. ஊர் மாறியதால் இருக்கும்.

மே 5, திங்கள்கிழமை. கப்பல்

பதின்மூன்று மாடி. உள்ளே லிஃப்ட், நீச்சல் குளம், சினிமாக் கொட்டகை. எங்கள் அறையில் இரண்டு கட்டில், ஒரு வட்ட ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர், அதைத் தவிர ஒன்றும் இல்லை. வடிவு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அறைக்குள் வலது காலை வைத்து நுழைந்தாள்.

மே 6, செவ்வாய்

தலை சுற்றல், வாந்தி. இருவருக்கும்.

மே 7, புதன்

தெளிந்துவிட்டது. சமுத்திரத்தை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு மேல்தட்டில் நின்றால் எந்தத் திசையிலும் கரை இல்லை. வட்டம் என்பதற்கு இவ்வளவு நல்ல உதாரணத்தை வைத்துக்கொண்டு, முப்பத்தாறு வருஷம் கரும்பலகையில் சாக்பீஸால் கிறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். சொக்கிப்போய் நின்றேன். அவர் இருந்தால் காட்டியிருக்கலாம்.

அறையைச் சுத்தம் செய்ய ஒரு பிலிப்பைன்ஸ் பெண் வருகிறாள். அவள் வருவதற்குள் வடிவு இரண்டு படுக்கையையும் தட்டி விரித்து, குளியலறையைக் கழுவிவிட்டு, வந்தவளை உட்காரவைத்துப் பிஸ்கட் கொடுக்கிறாள். அந்தப் பெண் பதிலுக்குத் துண்டை மடித்து யானை செய்யச் சொல்லிக்கொடுத்தாள். இன்று மத்தியானம் என் தலையணை மேல் ஒரு யானை இருந்தது. தும்பிக்கை கொஞ்சம் கோணல். நான் எதுவும் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று வளர்ந்தவள் நான். சுபா பிறந்தபோதும் அழகான பிள்ளை என்று யாரையும் சொல்ல விட்டதில்லை. சொன்னவர்கள் போனதும் மிளகாய் சுற்றிப் போட்டேன்.

வேறு வேலை இல்லாததால் பழைய ஞாபகங்கள் வருகின்றன. அவருடைய பதினாறாம் நாள் விசேஷத்தன்று கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, வீரவநல்லூர்ச் சித்தப்பா, வடிவு இனிமேல் என்ன செய்யப் போகிறாள் என்று பொதுவாகக் கேட்டார். வடிவு பந்திப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் காபி டம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் ஒரு கேள்வியா? அவள் வீட்டில் அவள் இருப்பாள். இதற்குப் பதில் வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். சித்தப்பாவும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அவள் இல்லத்தைப் பற்றி முதன்முதலாக விசாரித்தாள். இரண்டுக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை.

மே 8, வியாழன்

நாளைக்கு லுவேனா என்ற தீவில் இறங்குகிறோம். அங்கே ஒரு கிராமத்தைச் சுற்றிப் பார்த்து, மத்தியானச் சாப்பாடும் அவர்களோடுதான். இருபது பேருக்குத்தான் இடம். மாப்பிள்ளை முன்பே பதிவு செய்திருந்தார். தீவின் வழக்கங்களைப் பற்றி ஒரு துண்டுத்தாள் கதவிடுக்கில் கிடந்தது. பொடி எழுத்து. கண்ணாடி பெட்டியில் இருந்ததால் படிக்கவில்லை.

மே 9, வெள்ளி. காலை, படகு வரிசையில்

கப்பல் தூரத்திலேயே நிற்கிறது. சின்னப் படகில் ஏறிப் போக வேண்டும். வடிவு கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். கந்த சஷ்டி கவசம் முணுமுணுக்கிறாள் என்று நினைக்கிறேன். எனக்கும் பயம்தான்.

அதே நாள், மாலை. அறையில்

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

முதலில் கடல். படகு கரையை நெருங்க நெருங்க நிறம் மாறிக்கொண்டே வந்தது. கருநீலம் மயில்கழுத்து நிறமாயிற்று. கரையோரம் நிறமே இல்லை, தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். அடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. இவ்வளவு சுத்தமான ஒன்றை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. மலை நேராகக் கடலிலிருந்து எழும்பி நிற்கிறது, உச்சி வரை பச்சை. தென்னை என்றால் நமக்குத் தெரிந்த மரம்தானே என்று அலட்சியமாக நினைத்திருந்தேன். இங்கே அது கடல் மேல் சாய்ந்து வளர்ந்திருக்கும் அழகைப் பார்த்தால், நம் ஊர்த் தென்னைகளெல்லாம் அட்டென்ஷனில் நிற்பது போலத் தோன்றிற்று.

கரையில் பெண்கள் வரிசையாக நின்று பாடினார்கள். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. ஒவ்வொருவர் கழுத்திலும் வெள்ளைப் பூமாலை போட்டார்கள். என் முறை வந்தபோது கை தானாக மேலெழுந்து தடுத்தது. பத்து மாதமாக நான் பூவைத் தொடவில்லை. அந்த அம்மாள் என் கையை மெல்ல இறக்கிவிட்டு மாலையைப் போட்டுவிட்டாள். வடிவு பார்த்துக்கொண்டிருந்தாள். கழற்ற மனம் வரவில்லை.

எங்களைக் கூட்டிக்கொண்டு போனவள் பெயர் லித்தியா. அங்கே பள்ளிக்கூட டீச்சர், நல்ல ஆங்கிலம். டீச்சரை டீச்சர் அடையாளம் கண்டுகொள்வோம் அல்லவா, பத்து நிமிஷத்தில் வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் என்பது வரை பேசிவிட்டோம். ஊருக்குப் பொதுவான ஒரு பெரிய கொட்டகைக்கு அழைத்துப் போனாள். சுவர் இல்லை, தூண்கள்தான். கடல்காற்று குறுக்காக ஓடுகிறது. தரை முழுக்கப் பாய்.

அந்தப் பாயில்தான் நான் மாட்டினேன்.

தாழம்பூ மடலைப் போன்ற ஏதோ ஓர் ஓலையைக் கீறி, நூலைவிடச் சற்றே தடித்த அளவில் பின்னியிருந்தார்கள். ஓரத்தில் கறுப்பு முக்கோணங்கள். நான் உட்கார்ந்து ஒரு சாணுக்கு எத்தனை இழை என்று எண்ணிப் பார்த்தேன். பத்தமடைப் பாயைக் கல்யாணச் சீராகக் கொண்டுவந்தவள் நான், எனக்குப் பாய் தெரியும். இது பத்தமடையை உட்காரவைத்துவிடும். முக்கோணங்களில் ஒன்றுகூடப் பிசகவில்லை. அத்தனை துல்லியத்தைக் கண்டதும் எனக்குள் இருந்த கணக்கு டீச்சர் கட்டவிழ்ந்து போனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம், இது மிக நன்றாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு தடவை சொன்னால் போதாதென்று தடவிப் பார்த்து இன்னொரு தடவையும் சொன்னேன்.

அந்த அம்மாள் எழுந்தாள். என்னையும் எழச் சொன்னாள். பாயைச் சுருட்டினாள், கயிறு போட்டுக் கட்டினாள், என் கையில் கொடுத்துவிட்டாள்.

நான் பதறிப்போய் வேண்டாம் வேண்டாம் என்று திருப்பி நீட்டினேன். கொட்டகை முழுக்க அமைதி. லித்தியா ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்து, கப்பலில் கொடுத்த தாளைப் படிக்கவில்லையா என்று கேட்டாள். கேள்வித்தாளை இரண்டு தடவை படித்துவிட்டுப் பேனாவை எடு என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை விரட்டியவள் நான். கண்ணாடி பெட்டியில் இருந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்.

விஷயம் இதுதான். இந்தத் தீவில் ஒருவருடைய பொருளை அவரிடமே நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அதை எனக்குக் கொடு என்று கேட்டதாக அர்த்தம். கேட்டால் கொடுத்துவிட வேண்டும். கொடுக்க முடியாது என்றால் அதற்கும் வழி உண்டு. எழுந்து நின்று, அது இல்லாமல் தனக்கு என்ன குறையும் என்பதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் கேட்டவர் மறுபேச்சுப் பேசக் கூடாது. காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்வதுதான் இங்கே அவமானம். கடல், வானம், மலை ஆகியவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் மெச்சலாம், அவை யாருடையவையும் அல்ல என்றாள் லித்தியா.

நம் ஊரில் மெச்சினால் சுற்றிப் போடுவார்கள். இங்கே சுருட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு இந்த ஜனங்கள் மேல் மரியாதை கூடிற்று. பாயைக் கொடுத்த அம்மாள் வெறும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கல்யாண வீட்டுக்காரி மாதிரி சந்தோஷமாக இருந்தாள். அவளே பின்னிய பாய், ஆறு மாத உழைப்பாம் அது. என் பெயரைக் கேட்டுச் சொல்லிப் பார்த்தாள். ஆவுடையம்மாள் என்பது அவள் வாயில் நுழையவில்லை, ஆவுடை வரை வந்தாள்.

தாளைப் படிக்காதவள் நான் மட்டுமல்ல. எங்களோடு வந்த கிரெக் என்ற ஆஸ்திரேலியர், கரையில் கிடந்த ஒரு சிறு படகைத் தட்டி, அருமையான படகு என்று அதன் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டார். அவர் எழுபது வயதுக் கிழவர். எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். லித்தியா எங்களுக்கு மொழிபெயர்த்தாள். அக்கரைத் தீவில் அவருடைய தம்பி தனியாக இருக்கிறார். ஞாயிறுதோறும் இந்தப் படகில் போய் அவரோடு சாப்பிடுகிறார். படகு இல்லையென்றால் தம்பி தனியாகச் சாப்பிட வேண்டியிருக்கும். அவ்வளவுதான் சொன்னார். ஊரார் தலையாட்டினார்கள். கிரெக் இரண்டு கையாலும் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தம்பியும் இவரும் சண்டை போட்டு எட்டு வருஷம் பேசாமல் இருந்தவர்கள், படகு செய்ததே ராசியான பிறகுதான் என்று லித்தியா என்னிடம் தனியாகச் சொன்னாள்.

இதற்குள் வடிவைக் காணவில்லை. தேடிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனேன்.

சமையல் நடந்துகொண்டிருந்தது. குழியில் கல்லைப் பழுக்கக் காய்ச்சி, இலையில் பொதிந்த கிழங்கையும் சீமைப்பலாவையும் அடுக்கி, மண்ணால் மூடி வேகவைக்கிறார்கள். ஏழெட்டுப் பெண்கள். நடுவில் வடிவு, முக்காலி போன்ற ஒரு பலகையில் காலை இருபுறமும் போட்டு உட்கார்ந்து, அதன் முனையில் இருந்த இரும்பு நாக்கில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகியிருந்தாள். அவர்கள் ஒரு மூடி துருவுவதற்குள் இவள் மூன்று. அவள் கையில் தேங்காய் சுற்றுகிற சுற்று எனக்குத் தெரியும், முப்பத்தொரு வருஷமாகக் காதால் கேட்டது. உட்கார்ந்து பார்த்தது இன்றுதான். ஒரு பிசிறு ஓடுகூடத் துருவலில் விழவில்லை. அவளுக்கு ஆங்கிலமும் வராது, அவர்கள் பாஷையும் வராது. இவள் தமிழில் ஏதோ சொல்கிறாள், அவர்கள் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்கிறார்கள், எல்லோரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். சேப்பங்கிழங்கை நாலு துண்டாக நறுக்கத் தொடங்கிய ஒருத்தியின் கையில் லேசாகத் தட்டி, கத்தியை வாங்கி, இப்படி நறுக்கு என்று காட்டினாள். அடுத்த வீட்டுக்காரி போல அத்தனை உரிமை.

பத்து மாதத்துக்குப் பிறகு அவள் சிரிப்பைக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வீட்டில் இரண்டு பேர், இதைக்கூடக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

சாப்பாடு கொட்டகையில். எங்களுக்கு மீன் ஆகாது என்று சொன்னதும், தேங்காய்ப் பாலில் வெந்த கீரையையும் சுட்ட சீமைப்பலாவையும் தனி இலையில் வைத்தார்கள். சீமைப்பலா அப்படி ஒரு ருசி. வயிறாரச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடிந்ததும் தெமாரா என்ற அம்மாள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. நரைத்த முடியில் சிவப்புப் பூ. கூடவே சமையற்கட்டுப் பெண்கள் ஏழு பேரும் வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களைப் போல இருந்தது. தெமாரா நிதானமாகப் பேசினாள். லித்தியா என் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தாள்.

"உங்களோடு வந்தவளின் கை நல்ல கை. அவள் மனசும் நல்ல மனசு. அவள் உட்கார்ந்த இடம் நன்றாக இருக்கிறது."

நான் ஆமாம் என்று புன்னகைத்தேன். யாரும் புன்னகைக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். லித்தியா குரலைத் தாழ்த்தி, "அவளைக் கேட்கிறார்கள்" என்றாள்.

மனுஷியைக் கூடவா கேட்பார்கள் என்றேன். கல்யாணத்துக்குப் பெண் கேட்பதும் இப்படித்தான், மிகவும் பிடித்துப்போன விருந்தாளியைக் கேட்பதும் உண்டு, அது பெரிய மரியாதை என்றாள். பயப்பட வேண்டாம், வழக்கமாக எல்லோரும் ஒரு வரியில் காரணம் சொல்லி மறுத்துவிடுவார்கள், அவள் அம்மா காத்திருக்கிறாள், அவள் பிள்ளைகள் தேடும் என்று ஏதாவது சொன்னால் போதும் என்றாள்.

வடிவுக்கு அம்மாவும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. நான் அந்த ஒரு வரியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன மைனி கேக்காவ?"

"உன்னத்தான் கேக்காவ. இங்கயே விட்டுட்டுப் போகச் சொல்லுதாவ."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"குடுத்துருங்க மைனி. வேணும்னு கேக்கதுக்கு இங்கயாவது ஆள் இருக்காவளே."

பதினாறாம் நாள் அவள் நிமிர்ந்து பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. அன்றைக்கும் ஒருவர் கேட்டார், நான் டம்ளர் எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த ஊர் வழக்கப்படி பார்த்தால் அன்றே நான் அவளைக் கொடுத்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை, எழுந்து நிற்கவும் இல்லை.

நான் எழுந்து நின்றேன். அறுபத்துநாலு வயதில் தரையிலிருந்து எழுவது லேசு இல்லை, தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். இவள் என் கணவரின் தங்கை என்பதோடு ஆங்கிலம் நின்றுவிட்டது. பிறகு தமிழில் சொன்னேன். லித்தியாவுக்காக இல்லை.

"இவளத் தரமாட்டேன். காலையில அடுக்களையில இவ பாத்திரம் உருட்டுத சத்தம் கேட்டாத்தான் எனக்கு விடியும். நாங்க இவளுக்கு இடம் குடுத்தோம்னு ஊருல சொல்லுவாவ. இவ வந்து எம் பிள்ளைய வாங்கிக்கிட்டதுனாலதான் நான் திரும்பப் பள்ளிக்கூடம் போனேன், ஹெச்.எம். ஆனேன். எம் பிள்ளை மொதல்ல அத்தைன்னுதான் சொல்லிச்சு, அம்மான்னு சொல்லல. எனக்கு அப்பம் பொறாமையா இருந்துச்சு. இவ அண்ணனப் பத்திப் பேசணும்னா எனக்கு இவள விட்டா யாரும் கிடையாது."

நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. வடிவின் பக்கம் திரும்பினேன்.

"அன்னைக்கி சித்தப்பா கேட்டப்பம் நான் வாயத் தொறக்கல. இது கேக்க வேண்டிய கேள்வியான்னு நெனச்சேன். தப்பு எம்பேர்லதான், வடிவு. நீ போனா எனக்கு வீடு கிடையாது. செவருதான் இருக்கும்."

இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் ரசம் வைத்தால் தெருமுனை வரை மணக்கும் என்றேன். கோணல் தும்பிக்கை யானையை நான் கலைக்காமல் கட்டிலின் கால்மாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

வடிவு தலையைக் குனிந்து, விரலிடுக்கில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். தெமாரா லித்தியாவிடம் ஏதோ கேட்டாள். இவள் எத்தனை காரணம் சொன்னாள் என்று கேட்கிறாள் என்றாள் லித்தியா. ஆறேழு இருக்கும் என்றேன். லித்தியா சொன்னதும் தெமாரா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்று போதுமே என்றாள். அந்த ஏழு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எழுந்து வந்து ஒவ்வொருத்தியாக வடிவின் கன்னத்தில் கன்னம் வைத்துவிட்டுப் போனார்கள்.

திரும்பும் படகில் அலை இருந்தது, வடிவு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அலை அடங்கிய பிறகும் விடவில்லை. கப்பலில் ஏறியதும் குளித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

என்ன மனுஷர்கள் அவர்கள். என்ன கடல், என்ன மலை. இன்றைக்குப் போல ஒரு நாளை நான் பார்த்ததில்லை. கை வலிக்கிறது, இத்தனை பக்கம் நான் கையால் எழுதிப் பல வருஷமாகிறது.

மே 10, சனி

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரே நாளில் தீர்கிற வியாதி இல்லை இது.

மே 11, ஞாயிறு

காலையில் மேல்தட்டில் கேட்டேவிட்டேன். "வடிவு, அங்க நான் சொன்னது காதுல விழுந்துச்சா?" "விழுந்துச்சு மைனி" என்றாள். பிறகு, காற்று அதிகமாக இருக்கிறது, தலையில் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். பதினைந்தாம் தேதிக்கு இன்னும் நாலு நாள். சொல்லவேண்டியதைப் பத்து மாதம் கழித்துச் சொன்னால், கேட்டவளும் அவள் நேரத்தை எடுத்துக்கொள்ளத்தானே செய்வாள். நியாயம்தான்.

மே 12, திங்கள்

மழை. அவள் அந்தப் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்குத் தலைபின்னிவிட்டாள். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னல் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். வடிவு திரும்பிப் பார்த்தாள்.

மே 13, செவ்வாய். பிரிஸ்பேன்

சுபா காரோடு வந்திருந்தாள். என்ன பார்த்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று வழியெல்லாம் கேள்வி. குழியில் கிழங்கு வேகவைக்கும் விதத்தை வடிவு படம் வரையாத குறையாகச் சொன்னாள். தேங்காய் துருவும் பலகையைப் பற்றிச் சொன்னாள். கொட்டகையில் நடந்ததைச் சொல்லவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் நாலு மணிக்கு சுபாவின் போனில் தென்காசியிலிருந்து அழைப்பு. இல்லத்து மேனேஜர். சுபா போனை அத்தையிடம் கொடுத்தாள். வெளிநாட்டிலிருந்து பேசினால் கத்தித்தான் பேச வேண்டும் என்பது வடிவின் எண்ணம். அவள் பின்கட்டுக்குப் போய்ப் பேசியும் எனக்குக் கூடத்தில் எல்லாம் கேட்டது. நான் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சுபா என்னைப் பார்த்து, ஏம்மா முகம் வெளுத்துப் போச்சு என்றாள்.

"வணக்கம் சார். ஆமா, வடிவுதான் பேசுதேன். இல்ல சார், வரல. அந்த ரூம வேற யாருக்காவது குடுத்துருங்க."

அவர் ஏனென்று கேட்டிருக்க வேண்டும். பிறகு அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"ஒரு ஊரே கூடி என்னக் கேட்டுச்சு சார். எங்க மைனி எந்திச்சு நின்னு, குடுக்க மாட்டேன்னுட்டாவ."